நீர்மேல் குடித்தனம்



வடாலாவிலிருந்து துறைமுக மார்க்கத்து ரயிலில் தெற்கே போகிறவர்கள் ஷிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு என்று நிலையங்களை ஒவ்வொன்றாகக் கடந்து போவார்கள். கடல் அத்தனை அருகில் இருந்தும் ரயிலிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஷிவ்ரியில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடக்க வேண்டும். குளிர்காலமானால் அந்தச் சேற்றுநிலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருக்கும். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பெரிய கடற்பாலம் அவற்றின் தலைக்கு மேலே நவசேவாவை நோக்கிப் போகிறது. பறவைகளைப் பார்க்க ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். சற்றுத் தள்ளிச் சேற்றிலே கிடக்கும் படகுகளை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நான் பார்த்திருக்கிறேன். நீர் வற்றிய வேளையில் மரப்படகு ஒன்று சேற்றில் அமர்ந்து ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த தளத்தின்மேல் ஒரு மனிதர் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். பானை உருளாதபடி ஒரு பக்கம் மட்டும் மரத்துண்டு ஒன்றை அண்டை கொடுத்திருந்தார். பம்பாய்த் துறைமுகத்தில் பெருக்கு நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. ஆகவே அந்த மனிதருடைய வீடு நாளொன்றுக்கு இரண்டு தடவை நிமிரும். இரண்டு தடவை சாயும். தூக்கத்தையும் சமையலையும் அவர் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. நீரைப் பார்த்தே வைத்துக்கொள்கிறார்.

இப்படிப் படகையே வீடாகக் கொண்டு குளிர்காலத்தைத் துறையிலே கழிக்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். அதற்குத் தெற்கே கொச்சிவரை உங்களை அழைத்துப் போகவேண்டும். ஏனென்றால் இரண்டு விதமான படகுக் குடித்தனங்களை ஒரே காயலில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் தூரத்திலே, அங்கே காணலாம்.

கொச்சிக்கும் நம் பம்பாய்க்கும் பழைய உறவு உண்டு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியியல் அறிஞர் 1920-இல் அங்கே வந்து, முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக்கொண்டே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். 1928 மே 26-ஆம் நாள் அந்தப் புதிய வழியே உள்துறைமுகத்தில் நுழைந்த ‘பத்மா’ என்னும் கப்பல் பம்பாயிலிருந்து போனதுதான். தீவுக்கு வடக்கே, எர்ணாகுளத்தின் எதிரே, போல்காட்டித் தீவு இருக்கிறது. டச்சுக்காரர் 1744-இல் கட்டிய மாளிகை ஒன்று அங்கே உண்டு. அதன் அருகே 2010-இல் உல்லாசப் படகுகளுக்கென்று ஒரு துறை திறந்தார்கள். பிற நாடுகளிலிருந்து கடல் கடந்து வரும் பாய்மரப் படகுகள் அங்கே மிதவை மேடைகளில் கட்டிக்கொண்டு நிற்கின்றன. கொச்சியில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுதான். மேடையும் படகோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆகவே பானைக்கு அண்டை கொடுக்கும் தொல்லை அங்கே இல்லை.

இவர்கள் குளிர்காலத்தில் வருவதற்குக் காரணம் காற்று. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை அரபிக்கடல் தென்மேற்குப் பருவக்காற்றால் கொந்தளிக்கிறது. மார்கழி, தை மாதங்களிலோ வடகிழக்கிலிருந்து ஒரே சீராகக் காற்று வீசுகிறது, கடலும் அடங்கியிருக்கிறது. மலேயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்கே போகிறவர்கள் இந்தக் காற்றைப் பிடித்துத்தான் செங்கடலை நோக்கிப் புறப்படவேண்டும். இது நேற்று இன்று கண்ட வழக்கமன்று. ரோமானிய ஆசிரியர் பிளினி, இந்தியத் துறைகளுக்கு வந்த கலங்கள் டிசம்பரில், பிந்தினால் ஜனவரி நடுவுக்குள், திரும்பிப் புறப்பட்டாக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். மிளகுக்காக யவனர் கலங்கள் சேரநாட்டு ஆற்றிலே வந்து நின்றதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த முசிறி கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கம் என்பது அறிஞர் பலரின் கருத்து. காற்றுத் திரும்புமட்டும் காத்திருந்த அந்த யவன மாலுமிகளும் நீர்மேல் குடித்தனம் நடத்தியவர்களே.

குளிர்காலம் என்றவுடன் போர்வையையும் கணப்பையும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் குடியிருப்பவனுக்குத்தான் அந்தக் கவலை. அடைத்த சிற்றறையில் அவன் விடும் மூச்சே சுவரில் நீராகப் படிந்து படுக்கையை நனைக்கும். காற்று வராமல் கணப்பு எரித்தால் நச்சுப்புகையால் உயிருக்கே ஆபத்து. கொச்சியிலோ தை மாத இரவிலும் மெல்லிய துப்பட்டி போதும். அங்கே பகை வேறு விதமானது. பகலில் வெயில் தளத்தைக் காய்ச்சும். கதவைத் திறந்து வைத்தால் கொசு. மூடி வைத்தால் புழுக்கமும் பூசணமும். பின்னிரவில் பனி இறங்கி, காயப்போட்ட துணி மறுபடியும் நனைந்துவிடும்.

நீருக்கு அடியிலே நடப்பது இன்னும் சுவையான விஷயம். மழைக்காலத்தில் ஆறுகளெல்லாம் காயலில் வந்து கொட்டுவதால் நீர் நன்னீராகி ஆகாயத்தாமரை மண்டுகிறது. மழை ஓய்ந்தபின் கடல் மெல்ல உள்ளே வருகிறது. குட்டநாட்டு வயல்களுக்குள் உப்பு ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கத்து அணையின் கதவுகளை டிசம்பர் வாக்கில் அடைப்பது வழக்கம். அணைக்கு வடக்கே, கொச்சிப் பக்கத்துக் காயலில், உவர்ப்பு வரவர மிகும். ஆகாயத்தாமரை கருகிப்போகும். கொட்டலசு வந்து படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மரப்படகானால் கப்பற்புழு துளைக்கத் தொடங்கும். உலோகத்தையும் உப்புநீர் விட்டுவைப்பதில்லை. அதற்காகச் சுழலிக்கு அருகே ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்தி வைக்கிறார்கள். அரிப்பெல்லாம் முதலில் அந்தத் துண்டைத் தின்னும், சுழலி பிழைக்கும். துத்தநாகம் கரைந்ததைக் கவனிக்காமல் இருந்துவிட்டால் அடுத்த முறை கரைவது சுழலிதான். படகிலே குடியிருப்பது என்றால் பாதி நாள் இப்படிக் காவல் காப்பதுதான் என்று சொல்லவேண்டும். கயிறு எங்கே உராய்கிறது, அடியிலே எவ்வளவு நீர் ஊறியிருக்கிறது, மின்கலத்தில் எத்தனை மிச்சம் என்று விடியற்காலையில் பார்த்தாக வேண்டும்.

இனி, அதே காயலின் தென்மேற்குப் பக்கம் போவோம். தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே கட்டியிருக்கும் பெரிய படகுகளில் காதைத் தீட்டினால் தமிழ் கேட்கும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், குழித்துறை ஆற்று முகத்துக்கும் கேரள எல்லைக்கும் இடையே, இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நம் நாட்டில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுள் இவ்வூரார்க்கு ஈடு சொல்வது கடினம். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவைத் தாண்டியும், வடக்கே குஜராத்துக் கடல்வரையும் போவார்கள். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பயணம் மூன்று வாரம் முதல் ஒன்றரை மாதம் வரை நீளும். ஜூன், ஜூலைத் தடைக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் அவர்களுக்கு அதுதான் வீடு.

அந்த வீட்டைச் சற்றுப் பாருங்கள். அமரத்துப் பக்கம் சுக்கான் அறை. அதன் பின்னே ஒருவர் நிற்கும் அளவுக்குச் சமையற்கட்டு. நடுவே பனிக்கட்டியும் மீனும் இருக்கும் அறைகள். படுக்கை என்பது சுக்கான் அறையை ஒட்டிய பலகை. அது போதாதபோது வெறுந்தளம். எடுத்துச் செல்லும் நன்னீர் குடிக்கவும் சோறாக்கவும் மட்டுமே, குளியல் கடல்நீரில். மீனறைக்குள் இறங்குவதே ஒரு கண்டம். மீன் அழுகினால் கிளம்பும் வாயு முகர்ந்தவரைக் கணத்தில் வீழ்த்திவிடும்; காப்பாற்ற இறங்கியவரும் அதே கதியாவார். போல்காட்டியில் நிற்கும் படகிலும் தோப்பும்படியில் நிற்கும் படகிலும் உப்பும் பூசணமும் ஒன்றுதான். ஒன்று மனம்போனபடி அமைத்துக்கொண்ட வாழ்க்கை, மற்றொன்று பிழைப்பு.

2017-ஆம் ஆண்டு குளிர்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 5-ஆம் நாள் பம்பாயில் மழை பெய்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். மார்கழி பிறக்குமுன் இதென்ன மழை என்று வடாலாவில் நாம் வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம். அது ஒக்கிப் புயலின் வால். அதன் தலை நவம்பர் 30-ஆம் நாளே குமரிமுனைக் கடலில் உருத்திரண்டு மேற்கே திரும்பியிருந்தது. எச்சரிக்கை வெளியானபோது எட்டு ஊர்ப் படகுகளில் பல நடுக்கடலில் இருந்தன. படகுகளில் இருந்த பேச்சுக் கருவி சில பத்துக் கடல்மைல்களுக்குள்தான் எட்டும். வானொலியை அவர்கள் கேட்கலாம். வானொலிக்கு அவர்கள் பதில் சொல்ல முடியாது.

தப்பிய படகுகள் காற்று தள்ளிய திசையிலே வடக்கே ஓடின. நம் மகாராஷ்டிரத்தின் தென்கோடியில், மாம்பழத்துக்குப் பேர்பெற்ற தேவகட்டுப் பக்கம், சிந்துதுர்க்கக் கரையில் 68 படகுகளில் 952 பேர் வந்து சேர்ந்ததாக மாநில அரசு அறிவித்தது. அவற்றுள் 66 கேரளப் பதிவு. இரண்டு தமிழ்நாட்டுப் பதிவு. கேரளப் பதிவு கொண்ட படகிலே குமரிக்காரர் போவது சாதாரணம் என்பதால், பதிவு எண்ணைக்கொண்டு எத்தனை தமிழர் தப்பினர் என்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை.

நான் சொல்ல விரும்பும் குறை இங்கேதான் இருக்கிறது. நிலத்திலே குடியிருப்பவனுக்குக் கதவில் எண் உண்டு. குடும்ப அட்டை உண்டு. அடுத்த வீட்டுக்காரர் உண்டு. படகிலே குடியிருப்பவனுக்கு அவன் ஏறிய நாளில் கரையில் எழுதிவைத்த பட்டியல் ஒன்றுதான் அத்தாட்சி. ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த வாலிபர்களும் இப்படகுகளில் ஏறுவதுண்டு. புயலுக்குப்பின் எந்தப் படகில் எத்தனை பேர், அவர்கள் யார் யார் என்று அறிவதற்கே நாட்கள் பல ஆயின. திரும்பாதவர் இறந்தார் என்று சட்டப்படி கொள்வதற்கு ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. அந்த ஏழு ஆண்டும் காத்திராமலே குடும்பங்களுக்கு உதவித்தொகை தருவதென்று அரசு தீர்மானித்தது நல்ல காரியம். ஆயினும், தன் மகன் படகில் ஏறினான் என்பதையே ஒரு தாய் நிரூபிக்க வேண்டியிருந்ததை எண்ணினால் மனம் ஆறவில்லை.

அதன்பின் சில மாறுதல்கள் வந்திருக்கின்றன. விண்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பவும், படகிலிருந்து ஆபத்துச் செய்தி திரும்பப் பெறவும் கூடிய இருவழிக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-ஆம் நாள் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. கருவி நல்லதே. ஆனால் படகு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே இருப்பவர் யார் என்பதைக் கரையில் இருப்பவர்தான் எழுதி வைக்கவேண்டும். அதற்குப் பெரும் செலவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதைப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் திருத்தி எழுதும் பொறுமையும் வேண்டும். உல்லாசப் படகில் வரும் அயல்நாட்டார் ஒவ்வொருவருடைய பெயரையும் துறையிலே வரும்போதும் போகும்போதும் தவறாமல் எழுதுகிறோம். அந்த அக்கறை காயலைக் கடந்து தோப்பும்படிக்கு வருவதற்கு எத்தனை நாள் ஆகவேண்டும்?

ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நான் தோப்பும்படிக்குப் போயிருந்தேன். எட்டு ஊராரும் பெரும்பாலும் கத்தோலிக்கர். கடலில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்தத் திருநாளுக்குள் கரை சேர்ந்துவிடுவார்கள். படகுகள் வரிசையாக, ஒன்றோடொன்று கட்டி, ஆளரவமின்றி நின்றன. ஊருக்குப் போகும் பேருந்துகளைப் பிடிக்க எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு படகில் மட்டும் நடுவயதுக்காரர் ஒருவர் அணியத்தில் அமர்ந்து வலைக்கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காகிதத்தில் செய்த நட்சத்திரம் ஒன்று தொங்கியது.

“தாங்கள் ஊருக்குப் போகவில்லையா?” என்று கேட்டேன்.

“வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா, சார்?” என்றார்.

எந்த வீட்டைச் சொல்கிறார் என்று எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. அதற்குள் அவர் எழுந்து, அடியில் ஊறிய நீரை இறைப்பதற்காகப் பொறியை ஓட்டப் போய்விட்டார்.