திருச்சாரணத்து மலையும் அண்டைத் திருத்தலங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேலைநாடு சென்று மீள்வோர், அங்குள்ள பாழடைந்த துறவி மடங்களைக் குறித்து வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்தில் 1132-ஆம் ஆண்டில் தோன்றிய பவுண்டன்ஸ் மடம் அவற்றுள் ஒன்று. எட்டாம் ஹென்றி மன்னன் ஆட்சியில், 1539-ஆம் ஆண்டில், அம்மடம் மூடப்பட்டது. கூரையிழந்த அதன் சுவர்களை இன்று உலகெங்குமிருந்து மக்கள் சென்று காண்கின்றனர். காணத்தக்கதே. ஆனால், அதனினும் மூத்த துறவியர் பள்ளியொன்று, நாம் குடியிருக்கும் இத்திருவனந்தபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறதே! அதனை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டம் சென்று, அங்கிருந்து சிறிது தொலைவு போனால் சிதறால் என்னும் சிற்றூர். அதன் மலைக்குப் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்போர் சமண சமயத்துத் தவசியர். கற்பாவிய பாதையில் ஏறிச் சென்றால், பெரும்பாறையொன்று கூரைபோல் கவிந்து நிற்கக் காணலாம். அதன் நிழலில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக அமைந்துள்ளன. பாம்பின் படம் குடையாக நிற்கும் பார்சுவநாதரைக் குழந்தைகளும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். அம்பிகை இயக்கியும் அங்கே இருக்கிறாள். பாறையையொட்டி மண்டபமும் கருவறைகளும் மடைப்பள்ளியும் உள்ளன. அருகில் ஒரு சுனை.

அங்குள்ள வட்டெழுத்துச் சாசனங்களுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்தி என்பார், இம்மலைத் தேவியாகிய படாரியாருக்குப் பொன்னணி அளித்த செய்தியை அது கூறுகிறது. குரத்தி என்பதை மலைக்குறத்தி என்று மயங்கிவிடக் கூடாது. குரவர் என்பதன் பெண்பால் அது. ஆசிரியை என்று பொருள். திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் தொலைவிலுள்ள கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. கற்கவும் கற்பிக்கவும் உரிமை பெற்ற பெண்டிர் இம்மலையில் வாழ்ந்தனர் என்பதை, தாய்மார்கள் தம் பெண்மக்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.

13-ஆம் நூற்றாண்டளவில் இப்பள்ளி பகவதி கோயிலாயிற்று. இங்கே ஹென்றி மன்னன் எவனும் வரவில்லை. தீர்த்தங்கரர் உருவங்களை எவரும் பெயர்த்தெறியவில்லை. தேவிக்கு வழிபாடு தொடர்ந்தது. இதனை நம் நாட்டுப் பொறையுடைமை என்று பாராட்டுவோர் உளர். நானும் பாராட்டுகிறேன், ஆயினும் முழுமனத்தோடு அன்று. விளக்கு அணையவில்லையெனினும் ஓதல் நின்றுபோயிற்று. குரத்தியர் மரபு எங்கே போயிற்று? அதற்குக் கல்லில் விடை இல்லை. சமணம் மட்டும் இப்பகுதியில் உடனே மறைந்துவிடவில்லை. நாகர்கோவில் நாகராசர் கோயிலில் 16-ஆம் நூற்றாண்டிலும் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோர் இருந்தமையைச் சாசனங்கள் கூறுகின்றன. அக்கோயில் தூண்களிலும் தீர்த்தங்கரர் உருவங்களைக் காணலாம்.

குலசேகரத்துக்கு அண்மையில் திருநந்திக்கரைக் குடைவரை இருக்கிறது. பழைய சுவரோவியத்தின் மங்கிய கோடுகளோடு, முதலாம் இராசராசனின் 18-ஆம் ஆட்சியாண்டுச் சாசனமும் அங்குண்டு. அவன் பிறந்த ஐப்பசிச் சதய நாளைக் கொண்டாட அளித்த கொடையை அது குறிக்கிறது.

முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தைச் சற்று நின்று காண வேண்டும். 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இவ்விடத்தைப் பெற்றுத் திருமால் கோயில் எடுத்தான். உடன் ஒரு சாலையும் நிறுவினான். சாலையென்றால் பெருவழி அன்று; உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டிய நிலையம். அங்கே 95 மாணாக்கருக்கு இடம். அவ்விடங்கள் மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டிருந்தன. ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம், அவைக்குப் படைக்கலம் கொண்டுவரலாகாது, சூதாடலாகாது. மாணாக்கர் விடுதிகளின் தொல்லை அக்காலத்திலும் இருந்தது போலும்! குரத்தியரின் மலையும் வேதியரின் சாலையும் ஒரே ஆய் நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், அரச மரபின் ஆதரவோடு விளங்கின.

அச்சாலைக்கு முன்மாதிரி காந்தளூர்ச் சாலை என்று செப்பேடே சொல்கிறது. அதுவே நம் நகரின் வலியசாலை என்பது அறிஞர் பலர் கொள்கை. இராசராசன் அங்கே கலமறுத்தான் என்று அவன் மெய்க்கீர்த்தி புகழ்கிறது. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. வலியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வீட்டு முகவரியில் நாள்தோறும் எழுதும் அச்சொல்லின் பொருளை நம் பிள்ளைகள் அறிவார்களா? அவர்கள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றனர்; தமிழ் பலருக்குச் செவிவழி மொழியாகிவிட்டது. தாத்தா வேலை தேடி வந்தபோது அவரோடு வந்த மொழி என்றே அதனை எண்ணுகின்றனர்.

இவ்வாறு சொல்வது மண்ணுரிமை பேசுவதற்கு அன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வகுத்த எல்லையை ஆய் மன்னர் அறியார். அக்கல்வெட்டுகளின் வட்டெழுத்து மலையாளிகளின் முன்னோர்க்கும் உரியது. பார்த்திவபுரச் செப்பேட்டை அச்சேற்றியதும் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறைதான். அப்பணியைச் செய்தவர் டி. ஏ. கோபிநாத ராவ். ஆகவே அண்டை வீட்டு மலையாள நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் சிதறாலை அடைவது நல்லது. முதியோர் ஆங்காங்கே அமர்ந்து ஏறலாம். குடிநீர் கொண்டுசெல்ல மறக்க வேண்டா. வட்டெழுத்து நெடுங்கணக்கு ஒன்றைத் தாளில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால், எழுத்தெழுத்தாக அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.