கேட்டால் பதில் சொல்லணும்



நம்ம கூட்டத்தில் யாராவது கணக்கு கேட்டால், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் வாடிப்போகுது. அதனாலேயே பல பேர் வாய் திறக்கிறதில்லை. இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

டெல்லியில் மக்களவை கூடும் நாளில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். உறுப்பினர்கள் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுக்கணும். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் சபையிலேயே வாய்விட்டுப் பதில் சொல்லணும். அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். குறி போடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். "விவரம் சேகரித்துச் சொல்கிறோம்" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்றணும். அதைக் கவனிக்கத் தனிக் குழுவே இருக்கு.

கேட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீங்க. 1957-ல் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய் போட்டது. சாதாரண ஜனங்கள் கட்டின பிரீமியப் பணம் அது. மக்களவையில் விடாமல் கேட்டவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவுக்கு மருமகன். நீதிபதி சாக்ளா எல்லோரும் பார்க்க விசாரணை நடத்தினார். துறையில் நடந்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான்.

நூல் விலை ஏறினால் நம்ம ஊரில் எத்தனை தறி நிற்குது! அரக்கோணம் எம்.பி.யிடம், திருத்தணி எம்.எல்.ஏ.விடம், "இதைச் சபையில் கேள்வியாகக் கேளுங்க" என்று நாம எழுதிக் கொடுக்கலாம். கிராம சபையில் நாமே எழுந்து கேட்கலாம்.

அதுக்கு முன்னால் நம்ம வீட்டைச் சரி பண்ணணும். நாட்டு மந்திரியே பதில் சொல்லும்போது, குழுத் தலைவியும் பொருளாளரும் சொல்வதில் என்ன குறைச்சல்? சந்தா எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடன் யாருக்குப் போச்சு என்று கேட்பது சந்தேகம் இல்லை, உரிமை.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்குவோம். கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். அன்றைக்குப் பதில் தெரியவில்லையா? அடுத்த கூட்டத்தில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாத அக்காவின் கேள்வியும் அதில் ஏறணும். அவங்க பணமும் நம்ம பெட்டியில்தானே இருக்கு.