வினைமுற்றுக்குக் காத்திருக்கும் கூட்டம்



போடியிலோ கம்பத்திலோ ஆண்டிபட்டியிலோ தேர்தல் காலத்துப் பொதுக்கூட்டம் ஒன்றைக் கடைசிவரை நின்று கேட்டவர்கள் கவனித்திருக்கக்கூடும்: தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருகிறபடியால், கைதேர்ந்த பிரசங்கி எச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, “பயிர் கருகியபோது வராதவர்கள், விலை சரிந்தபோது வராதவர்கள், ஆற்றில் தண்ணீர் குறைந்தபோது வராதவர்கள்” என்பதுபோல் கூட்டத்தின் மூச்சைப் பிடித்து நிறுத்தி, கைதட்டல் எங்கே விழவேண்டுமோ அங்கேதான் “இன்று வந்திருக்கிறார்கள்” என்று முடிப்பார். வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வரும் இந்த முறையைத் தண்டியலங்காரம் பின்வருநிலையணி என்று வகுத்திருக்கிறது. அணியிலக்கணம் படித்தறியாத கூட்டமும் அந்த முற்றுச்சொல் வருமுன்பே அதை ஊகித்துவிடுகிறது. பேச்சாளர் பாதி சொன்னதை மீதி சொல்லி முடிப்பதில் ஜனங்களுக்கு உள்ள ஆனந்தமே மேடைப்பேச்சின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம்.

அண்ணாவின் பெயரால் இன்றும் வழங்கும் சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்ற அடுக்கும் அவ்விதமானதே. மூன்றாவது சொல்லிலேயே நான்காவது எப்படி ஒலிக்கும் என்று செவி தயாராகிவிடுகிறது. மதுரையில் தங்கி மேடைத்தமிழை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், பேச்சுவழக்கை விடுத்துச் செந்தமிழை மேடையேற்றியதையே திராவிட அரசியலின் அழகியலாகக் கண்டு, 2009-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் “ஆகட்டும், பார்க்கலாம்” என்று இரண்டு சொல்லில் காரியத்தை முடித்துவிடுகிற காமராஜரின் பேச்சை எந்த அணியில் சேர்ப்பது?

1989-இல் போடிநாயக்கனூரில் வென்று சட்டசபைக்குள் நுழைந்து, பின்னர் 2002-இலும் 2006-இலும் ஆண்டிபட்டியில் வென்ற ஜெயலலிதா, 2014 நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தில் கையாண்டது வினா வாக்கியம். “செய்வீர்களா?” என்று அவர் கேட்க, கூட்டம் பதிலை முழங்கும், மீண்டும் கேட்பார், முழக்கம் இன்னும் உயரும். முப்பத்தொன்பது தொகுதிகளில் முப்பத்தேழில் அவருடைய கட்சி வென்றது வாஸ்தவமே. எனினும் ஒரேயொரு பதிலைத் தவிர வேறொன்றுக்கு இடம் வைக்காத வினாவை வினா என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு.

இதே ஆண்டிபட்டியில் 1984 டிசம்பரில் நடந்ததோ இவை எல்லாவற்றினும் விசித்திரமானது. அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த எம்.ஜி.ஆர்., தொகுதிப் பக்கம் வராமலே, மேடையில் ஒரு வாக்கியமும் பேசாமலே வென்றார். ஆஸ்பத்திரியில் அவர் இருந்த காட்சிகளைப் படமாக ஊர் ஊராகக் காட்டினார்கள். “ரத்தத்தின் ரத்தமான” என்று ஆண்டுக்கணக்காக அவர் அழைத்து வந்த விளியைக் கேட்டுப் பழகிய ஜனங்கள், அதன் பின்னால் வரவேண்டிய பேச்சு முழுவதையும் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள் போலும்!

அலங்கார சாஸ்திரத்துக்கு அகப்படாத இன்னொரு மரபும் கம்பம் பள்ளத்தாக்குக்கு உண்டு. 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தில் சேர்ந்துவிட்ட தேவிகுளத்தில், பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் 1957-இல் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அக்கட்சிக்காகப் பாடப் போனவர், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். பின்னாளில் அவர் குழுவில் தம்பி இளையராஜாவும் சேர்ந்து வாசித்தார். பகலெல்லாம் கொழுந்து பறித்து அலுத்து வந்து உட்காருகிறவர்களுக்கு எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கிய செந்தமிழ் வாக்கியத்தைப் பின்தொடரப் பொறுமை எங்கிருந்து வரும்? பழகிய மெட்டோ இரண்டாம் முறை கேட்கும்போதே வாயில் ஏறிவிடும். ரோசம்மா மறுபடியும் வென்றார். அதில் பாட்டின் பங்கு இவ்வளவு என்று பிரித்து அளப்பதற்கில்லை. ஆயினும் இன்னும் ஒரு பேச்சாளரை அனுப்புவதற்குப் பதில் ஒரு பாட்டுக்காரரை மலையேற்றியது அந்தக் கட்சியின் சாமர்த்தியமான காரியம் என்றே நான் எண்ணுகிறேன்.