தொண்ணூறு நாள் விசா

(இணையவழி இலக்கியக் கூட்டத்தில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டொரண்டோவில் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு வந்தவர்களுக்கும், சிட்னியில் அலாரம் வைத்து எழுந்தவர்களுக்கும் நன்றி. நான் நேற்று இரவுப் பணி. பகலில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் சொல் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘குடும்பத்தை எழுதுதல்’. நான் இலக்கியம் படித்தவள் இல்லை. மூன்றரை வருட நர்சிங் டிப்ளமா படித்தவள். கோட்பாடு பேசினால் மாட்டிக்கொள்வேன். அதனால் 2024ஆம் ஆண்டு வசந்தத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் கார்க் நகரத்தில். இங்கே வசந்தம் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே வழக்கு இருக்கிறது. பழைய ஐரிஷ் கணக்கில் பிப்ரவரி 1, புனித பிரிஜித் திருநாள். வானிலைக்காரர்களுக்கு மார்ச் 1. எங்கள் வீட்டுக்கு அந்த வருடம் பிப்ரவரி 20. அன்றுதான் அம்மா வந்து இறங்கினார். எழுபது வயதுக்கு மேல், முதல் விமானப் பயணம். பையில் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். இறைச்சிக்கும் பாலுக்கும்தான் தடை, மீனுக்கு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்குத் தடையும் தெரியாது, பயமும் கிடையாது.

வருகை விசாவில் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். மே 18 திரும்பும் பயணம். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நாட்காட்டி தொங்கும். ஆளுக்கொரு நிறம். கறுப்பில் என் ரோஸ்டர். நீலத்தில் வீட்டுக்காரரின் பணியும் டிரைவிங் டெஸ்டும். அது அவருக்கு மூன்றாவது முறை. பச்சையில் மகனின் ஜூனியர் சைக்கிள் மாதிரித் தேர்வுகள். சிவப்பில் மகளின் முதல் பாவசங்கீர்த்தனம், பிறகு மே 11, புதுநன்மை. முதல் நற்கருணை என்று புத்தகத்தில் இருக்கும், எங்கள் ஊரில் அது புதுநன்மைதான். பாட்டிக்கு ஆரஞ்சு நிறம் என்று மகள் முடிவு செய்தாள். ஆனால் ஆரஞ்சில் எழுத மே 18இல் ‘விமானம்’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. அப்பா கட்டுமரம். அம்மா கடவத்தில் மீன் சுமந்து உள்ளூர்களில் விற்றவர். என் ஹாஸ்டல் கட்டணம் மீன் வாடையோடுதான் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். எனக்கு ஆறு வயதாயிருந்தபோது ஒரு ராத்திரி, அப்பா குடித்துவிட்டு வந்த பிறகு, அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு திரும்பினோம். இதைத்தான் எழுதினேன். சாகப் போன ஒரு தாய் பிள்ளைகளுக்காகத் திரும்பி வருகிறாள் என்று எழுதினேன். நல்ல பாராட்டு. உங்களில் சிலரும் கடிதம் எழுதினீர்கள். தம்பி மட்டும் போனில், “ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க அக்கா” என்றான். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

வசந்தத்துக்கு வருகிறேன். தவக்காலத்தில் மகள் பாவப்பட்டியல் தயாரித்தாள். பள்ளியிலேயே அதற்குப் பயிற்சி உண்டு. அடுக்களை மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்வாள்: அண்ணனை அடித்தேன், வீட்டுப்பாடம் முடித்ததாகப் பொய் சொன்னேன். மூன்றாவது பாவம் கிடைக்காமல் தவித்தாள். பாட்டி கருவாட்டைக் கிள்ளிக்கொண்டே, “என்ன படிக்கா?” என்று கேட்டார். மகள் தன் அரைகுறைத் தமிழில், “நான் செஞ்ச தப்பு, பாட்டி. ஃபாதர்கிட்ட சொல்லணும்” என்றாள். அம்மா கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். “பாஸ்காவுக்கு முன்ன எனக்கும் சங்கீர்த்தனம் பண்ணணும் மக்களே. இங்க தமிழ் சாமியார் உண்டுமா?”

எங்கள் பங்கில் இல்லை. புனித வாரத்தில் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வயதான ஐரிஷ் பாதிரியார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றேன். “எனக்கு ஐரிஷ் தெரியும், ஆங்கிலம் தெரியும், கொஞ்சம் லத்தீன் தெரியும். இதில் அவருக்கு எது வரும்?” என்று கேட்டார். பிறகு, மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் கேட்டதை நானும் வெளியே சொல்லக் கூடாது என்றார். எனக்கு அது புதிதல்ல. நோயாளிகளுக்காக அதைத்தானே தினமும் செய்கிறேன். சரி என்று தலையாட்டினேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“வேண்டாம். நீ எழுதிருவ.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடு என்பதுபோலச் சொன்னார். உள்ளே போய்விட்டார். நான் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் காது சுட்டது. அப்படியானால் படித்திருக்கிறார். அல்லது யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இருபத்தைந்து நிமிடம். பின்னால் நின்றவர்கள் கடிகாரம் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு சொல்லும் புரியாத மனிதரிடம் என் அம்மா இருபத்தைந்து நிமிடம் தமிழில் பேசினார். வெளியே வந்து ஜெபமாலையை எடுத்தார். என்ன பரிகாரம் கொடுத்தார் என்று கேட்டேன். சாமியார் ஜெபமாலையைத் தொட்டுக் காட்டி மூன்று விரல் காட்டினாராம். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். எழுதுகிறவளின் புத்தி அது.

அந்த வருடம் பாஸ்கா மார்ச் 31. கடிகாரத்தை முன்னே தள்ளும் நாளும் அதே ஞாயிறு. எனக்கு இரவுப் பணி. ஒரு மணி அடித்ததும் இரண்டு மணி ஆகிவிடும். செவிலியருக்கு ஒரு மணி நேரம் லாபம் என்று சிரிப்போம். ஆனால் பதிவேட்டில் சிக்கல். அந்த இரவில் ஒன்றரை மணி என்று ஒன்று கிடையாது. எழுதாத வேலை செய்யாத வேலை என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுத முடியாத ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நேரம் அம்மா, பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வந்து, அணைக்காத மெழுகுவர்த்தியோடு வீட்டுக்குள் நடந்தார் என்று மகன் சொன்னான். புகை எச்சரிக்கைக் கருவி கத்தி, தெருவே எழுந்ததாம்.

ஏப்ரலில் வீட்டுக்காரர் டெஸ்டில் தேறினார். அவருக்கு விருந்து வைத்தோம். காரில் போகலாம் என்று அவர் துடித்தார். “மூணு தடவை எழுதின பரீட்சை மக்களே, ரயிலுல போவோம்” என்றார் அம்மா. கென்ட் ஸ்டேஷனிலிருந்து கோவ் ஊருக்குப் போகும் ரயில் தண்ணீரை ஒட்டியே ஓடும். வழியில் ஃபோட்டா விலங்குப் பூங்காவில் இறங்கினோம். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து அம்மா, இதற்குக் கழுத்து வலிக்காதா என்று கேட்டார். அவ்வளவுதான் ஃபோட்டா.

கோவ் துறைமுகம் வேறு. 1912 ஏப்ரல் 11இல் டைட்டானிக் கடைசியாக நின்று கிளம்பிய இடம். அதைவிட எனக்கு முக்கியமானது கரையில் நிற்கும் ஒரு சிலை. ஆனி மூர் என்ற பதின்வயதுப் பெண், இரண்டு தம்பிகளோடு. இங்கிருந்து கப்பலேறிப் போய், 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையத்தில் முதலாவதாகப் பதிவானவள். 1848க்கும் 1950க்கும் இடையே இந்தத் துறையிலிருந்து மட்டும் சுமார் 25 லட்சம் பேர் போனார்கள் என்று கணக்கு. அம்மாவுக்கு லட்சம் முக்கியமில்லை. “தாய் தகப்பன் எங்க?” என்று கேட்டார். அவர்கள் முன்னாடியே அமெரிக்கா போய்விட்டார்கள் என்றேன்.

“பிள்ளைகள விட்டுட்டா?”

நான் பதில் சொல்லவில்லை. 2012இல் நான் தனியாகத்தான் அயர்லாந்துக்கு வந்தேன். மகனுக்கு மூன்று வயது. ஒன்றரை வருடம் அம்மாவிடம் வளர்ந்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அம்மாவின் பேச்சு முழுவதும் புரிகிறவன் அவன்தான். சிலையின் பக்கத்தில் நின்று அவன், “பாட்டி கூட விட்டுட்டுப் போயிருக்கலாம்ல” என்றான். அம்மா அவன் தலையைத் தடவினார்.

மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி பெஞ்சில் இருந்தோம்.

“அண்ணைக்கு நான் சாவப் போவல” என்றார் அம்மா.

எனக்கு எந்த அண்ணைக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஒங்கப்பா வலையக் கரையிலயே போட்டுட்டு வந்து கெடந்தாரு. ஆனி மாசத்துக் கடல். ஏறி வந்து வலைய இழுத்துட்டு இருந்துது. அதப் புடிக்கத்தான் எறங்கினேன். வலை போச்சுன்னா பிறகு என்னத்தத் திங்க? ஒங்கள அந்த ஆளு கிட்ட விட்டுட்டு வர முடியாதுன்னு கூட்டிட்டு வந்தேன். நீ என்னவெல்லாமோ எழுதி வச்சிருக்க.”

நண்பர்களே, எனக்கு வலை நினைவில் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நினைவிருக்கிறது. இன்னொரு கையில் தம்பி. வலையை எந்தக் கையால் இழுத்தார்? இந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் நினைவு அது. இருட்டு வேறு.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. மார்கோ மெக்கஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968இல் எழுதியது. வலி எது, எவ்வளவு என்பதை நோயாளி சொல்வதுதான் கணக்கு, பார்க்கிறவர் தீர்மானிக்கக் கூடாது என்பது அதன் சாரம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். நோயாளி நாலு என்றால் நாலு என்று எழுது, உனக்கு எட்டு போலத் தெரிந்தாலும் நாலுதான். இன்னொரு முறை போய்க் கேள், மாற்றி எழுதாதே. அந்தக் கதையை எழுதும்போது நான் என் அம்மாவிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எட்டு என்று நானே போட்டுவிட்டேன். கதை நன்றாக வந்ததற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

மே மாதம் ஓடியே போய்விட்டது. உடைக்காக மகளும் பாட்டியும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பாட்டி ஊரில் தைத்துக் கொண்டுவந்த வெள்ளைக் கவுன் அவளுக்கு வேண்டாம், கடையில் தொங்கியதுதான் வேண்டும். கடைசியில் கடை உடைக்கு மேல், முளகுமூட்டில் வாங்கிய லேஸ் வைத்துப் பாட்டி தைத்த முக்காடு என்று சமாதானமானது.

மே 10, வெள்ளி இரவு. முக்காட்டுக்கு நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, வானத்தைப் பாருங்கள் என்று கத்தினாள். அன்றைய சூரியப் புயலால் துருவ ஒளி அயர்லாந்து முழுவதும் தெரிந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் தலைக்கு மேல் திரை போலத் தொங்கியது. தெருவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. அம்மா ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இப்பிடி மானம் கெடந்தா நாளைக்கி யாரும் கடலுக்குப் போவப்படாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

மறுநாள் நல்ல வெயில். மகள் புதுநன்மை வாங்கினாள். வாழ்த்து அட்டைகளில் வந்த யூரோவைக் கணக்குப் பார்த்து, பாட்டிக்கு இருபது கொடுத்தாள். அம்மா அதைச் செலவழிக்காமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து ஊருக்கு எடுத்துப் போனார். மே 18 காலை நான் லாங் டே. வழியனுப்பப் போகவில்லை. டப்ளின் வரை வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போனார். அம்மா ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் ஜெபமாலைதான் என்று கேள்விப்பட்டேன்.

இந்த உரைக்குச் சம்மதித்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். இப்படி ஒரு கூட்டத்தில் பேசப்போகிறேன், நீங்கள் வந்துபோனதைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். இப்போதாவது கேட்டேனே. வெகுநேரம் சத்தமில்லை. பின்னால் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. சங்கீர்த்தனத்துக்குப் போனதைச் சொல்லலாம் என்றார். கோவ் பெஞ்சைச் சொல்லலாமா என்றேன்.

“சொல்லணும்னா வலைன்னு சொல்லு.”

சரிம்மா என்றேன். அம்மா அன்று வலை எடுக்கத்தான் கடலில் இறங்கினார்.