கடைசி வரியில் ஒரு கல்லூரி

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகப் பயந்துபோய்ப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கல்லூரிப் பட்டியல் போடும்போது கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டியது ஆசையா, கணக்கா? இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. எதிரணித் தலைவி அக்கா பிரமாதமாகப் பேசினார். "கனவு காண்கிற பிள்ளையின் கையில் கால்குலேட்டரைக் கொடுக்காதீர்கள்" என்றார். கைதட்டலில் பந்தலே ஆடியது. நானும்தான் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அக்கா சொன்னபடி கனவுக் கல்லூரிகள் நாலை மட்டும் எழுதிவிட்டு ஒரு பிள்ளை வந்தால், ஐந்தாவது வரியில் என்ன இருக்கும்?

என்ன இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன். கணக்கில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 92. பொறியியல் கவுன்சலிங்கில் கணக்கை நூறுக்கும், மற்ற இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்துக்கொள்வார்கள். 96, 45, 46. இருநூறுக்கு 187. நல்ல மார்க். பட்டியல் போட உட்கார்ந்தது பையன் அல்ல, அப்பா. கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராஜர். நாலிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதோடு எழுந்துவிட்டார். "கீழே இன்னும் பத்து எழுதுங்களேன்" என்றேன். "சும்மா இருங்க சார், கீழ ஒண்ணை எழுதி வச்சா அதையே தூக்கிக் குடுத்துருவான்" என்றார்.

நடுவர் அவர்களே, தமிழ்நாட்டில் பல பட்டியல்களைப் பாழாக்குவது இந்த ஒரு பயம்தான். "குடுத்துருவான்" என்கிறாரே, யார் அந்த "அவன்"? அங்கே மனிதர் யாரும் இல்லை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் கம்ப்யூட்டர் எடுக்கிறது. முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருந்தால் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இல்லையென்றால்தான் இரண்டாவது வரிக்கு இறங்குகிறது. உங்கள் ஏழாவது வரியை அது படிப்பதே, மேலே உள்ள ஆறும் கைவிட்டுப் போன பிறகுதான். கீழே எழுதிய பெயரால் மேலே எழுதிய பெயருக்கு எள்ளளவும் கெடுதல் கிடையாது. இத்தனைதான் எழுதலாம் என்று வரம்பும் கிடையாது.

கல்லூரி இடங்களைப் பிரிப்பதைப் பற்றி 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித மேதைகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால், "கல்லூரிச் சேர்க்கையும் திருமணத்தின் நிலைத்தன்மையும்". சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் தலைப்பு. அந்தத் துறையில் செய்த பணிக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் கவுன்சலிங் மாதிரி ஒரே ரேங்க் வரிசையில் இடம் பிரித்தால், மனதில் உள்ள வரிசையை உள்ளபடி எழுதுகிற பிள்ளை ஏமாறவே மாட்டாள். எனவே எதிரணிக்கு நான் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். வரிசையை ஆசை தீர்மானிக்கட்டும். கிண்டி கிடைக்காது என்று தெரிந்தாலும், பிடித்தால் முதல் வரியில் எழுது. காசா பணமா? ஆனால் பட்டியல் எவ்வளவு தூரம் கீழே இறங்க வேண்டும் என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. 2018க்கு முன்னால் குடும்பத்தோடு சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் உட்காருவோம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் ஓடும். நாம் ஆசைப்பட்ட இடத்தில் 3 என்று இருக்கும், 2 ஆகும், முன்னால் போன பையன் வெளியே வரும்போது 0 ஆகும். அம்மாக்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். கொடுமைதான். ஆனால் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று அந்தத் திரையே சொல்லிவிட்டது. 2018இல் எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. இப்போது திரையைப் பார்க்காமலேயே முன்கூட்டி எழுதித் தர வேண்டும். ஆக, அந்தத் திரையை வீட்டிலேயே நாம்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எப்படி ஓட்டுவது? போன வருடங்களில் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், உன் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக உள்ளே போனவரின் ரேங்க் என்ன என்று பார். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, அதனால் ஒரு கல்லூரிக்கு ஒரே கட்-ஆஃப் என்பது கிடையாது. பொதுப்பிரிவுக் கட்-ஆஃபைப் பார்த்துவிட்டு "நமக்கெல்லாம் வராது" என்று கிடைத்திருக்கக்கூடிய கல்லூரியை எழுதாமலே விட்ட பிள்ளைகளும் உண்டு. கணக்கு ஆசையை வெட்டும் என்றாரே அக்கா, அந்தப் பிள்ளைகளின் ஆசையை வெட்டியது கணக்கு தெரியாததுதான். இன்னொன்று, மார்க்கை மட்டும் ஒப்பிடாதே. 2021இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பாதி, பதினொன்றிலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டிலிருந்து 30 என்று மார்க் போட்டார்கள். அந்த வருடக் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்குக் குறி சொல்ல முடியுமா? ரேங்கைக் கொஞ்சம் நம்பலாம். அதுவும் ஒரு வருடத்தை அல்ல, இரண்டு மூன்று வருடங்களைப் பார்த்து.

அப்படிப் பார்த்தால் கல்லூரிகள் மூன்று விதமாகப் பிரிந்து நிற்கும். நாம் அண்ணாந்து பார்க்கிற கல்லூரி. நேருக்கு நேர் பார்க்கிற கல்லூரி. நம்மைப் பார்த்துக் காத்திருக்கிற கல்லூரி. முதலாவதைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை, சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். நடுவில் உள்ளதைத்தான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கப்போவது அங்கேதான்.

சிக்கல் மூன்றாவதில்தான். "எதையாவது கடைசியில் போட்டு வை" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோமே, அது பாதுகாப்பு அல்ல. கிடைத்தால் போக மாட்டேன் என்றால் அந்தப் பெயர் பட்டியலில் எதற்கு? மற்ற கல்லூரிகளுக்குப் போகாவிட்டாலும் அந்தக் கடைசிக் கல்லூரிக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போய்வா. ஆய்வகத்தை எட்டிப் பார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே மூன்றாம் ஆண்டு மாணவனிடம், "அண்ணா, வாத்தியார்கள் நிலைத்து நிற்கிறார்களா?" என்று கேள். ஃபீஸ் நம்மால் கட்ட முடியுமா என்று பார். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டாயா, அரசுப் பள்ளியில் படித்ததற்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு உனக்கு வருமா, அதில் அரசு எந்தெந்தச் செலவை ஏற்கிறது என்று விசாரி. இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாத கல்லூரி எப்படிப் பாதுகாப்பான கல்லூரி ஆகும்?

"கீழே ஒன்று இருக்கிறது என்ற தைரியம் பிள்ளையைச் சோம்பேறி ஆக்கும்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். தம்பி, பட்டியல் போடும் நேரத்தில் பரீட்சை முடிந்து மார்க்கும் வந்தாயிற்று. இனி யார் எங்கே சோம்பேறி ஆவது? அதோடு, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, மேலே எழுதியது காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க கவுன்சலிங்கிலேயே வழி இருக்கிறது. கையில் ஒன்று இருக்கிறவன்தான் பதறாமல் மேலே பார்ப்பான்.

எங்கள் தெருப் பையனை விட்டுவிட்டேனே. அவன் கலந்துகொண்ட கவுன்சலிங் சுற்றில் அவனுக்கு எதுவும் வரவில்லை. அடுத்த சுற்றுக்கு வந்தபோது, அவன் மார்க்குக்கு முதலிலேயே எழுதியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அவன் அப்பா அலைந்து திரிந்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு சீட் வாங்கினார். எந்தக் கல்லூரியில் தெரியுமா? நான் கீழே எழுதச் சொன்ன பத்தில் ஒன்றில். வங்கியில் நகையை வைத்துவிட்டு வந்த அன்று அவன் அம்மா என் மனைவியிடம், "ஒரு வரி, அக்கா. ஒரே ஒரு வரி" என்றாராம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். கணக்கே வேண்டாம் என்ற எதிரணித் தலைவி அக்கா, மேடை ஏறும் முன் என்னிடம் மதுரைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எட்டரைக்கு என்றேன். அதை விட்டால்? ஒன்பது பத்துக்கு. அதையும் விட்டால்? ஒன்பதே முக்காலுக்குக் கடைசி வண்டி, ஆனால் நின்றுகொண்டுதான் போக வேண்டும் என்றேன். மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கையை மூடாதீர்கள் அக்கா, நடுவர் பார்க்கட்டும்.