குட்டிக்குச் சோறு எவ்வளவு, தழை எவ்வளவு?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்ம சாத்தாங்காட்டில் இரும்பு யார்டு உண்டு, லாரி உண்டு. மேய்ச்சலுக்குத்தான் இடம் குறைவு. அதனால் குழுக் கடனில் வாங்கின குட்டிக்கு மண்டபத்துச் சோறு, ஓட்டல் மிச்சம், புளிச்ச மாவு என்று கிடைச்சதைப் போடுகிறோம். குட்டியும் ஆசையாத் தின்னும். ஆனால் குட்டி செத்தாலும் தவணை நிற்காது. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஆட்டு வயிறு நாலு அறை. பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து, தழையில் உள்ள நார்ச்சத்தை மெதுவாப் புளிக்க வைத்துச் சத்தாக்கும். சோறும் மாவும் மாவுச்சத்து. அது சீக்கிரம் புளிக்கும். கோடையில் இட்லி மாவு பொங்கி வழியுமே, அதுபோல உள்ளே அமிலம் ஏறிவிடும். தழை தின்னால் ஆடு அசை போடும், எச்சில் ஊறும். அந்த எச்சிலில் இயற்கையாவே சோடா உப்பு இருக்கு, புளிப்பை அடக்கும். சோற்றுக்கு அசை போட வேலையே இல்லை.

அமிலம் ஏறினால் குட்டி தீனி எடுக்காது, பல்லைக் கடிக்கும், இடது வயிறு உப்பும், புளித்த வாடையோடு கழியும், படுத்துவிடும். பொங்கல் நாளில் பாசத்தோடு வயிறு நிறையச் சோறு வைக்கும்போது இது அதிகம். உடனே சோற்றை நிறுத்துங்க. கிலோ எடைக்கு 1 கிராம் சமையல் சோடா, அதாவது 15 கிலோ ஆட்டுக்கு 15 கிராம், தண்ணீரில் கரைத்து, தலையை அண்ணாத்தாமல் மெல்லப் புகட்டுங்க. அதோடு 1962-க்குப் போன் போடுங்க. அல்லது 1903-இல் தொடங்கின வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

இன்னொன்று துள்ளுமாரி. கொழுகொழுவென்று வளரும் குட்டிதான் திடீர்னு விழும். கண்திருஷ்டி என்போம். மாவுச்சத்து மிஞ்சினால் குடலில் இருக்கும் கிருமி பெருகி விஷம் கக்குது, அதுதான் காரணம். 3, 4 மாதத்தில் தடுப்பூசி போடுங்க.

அப்போ தழை மட்டும் போதுமா? போதாது. வளரும் குட்டிக்கு எலும்பும் சதையும் கூட வேண்டும். 10 கிலோ குட்டிக்கு நாளைக்கு ஒன்று, ஒன்றரை கிலோ பசுந்தழை. கூடவே மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்த தீனி 100 கிராம். சோறு வைத்தே ஆகணும்னா ஒரு கைப்பிடி. அதையும் தழை தின்ன பிறகு. புதுத் தீனி எதுவானாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க.

தழைக்கு எங்கே போவது? அகத்தி, பூவரசு, கல்யாண முருங்கை, முருங்கை வெட்டின கிளை, மார்க்கெட்டில் கழிக்கும் காலிஃபிளவர் இலை, சோளக்கதிர்த் தோல் எல்லாம் ஆகும். சவுண்டல் தழை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் அறுப்பு சமயத்தில் நாலு குழு சேர்ந்து ஒரு வண்டி வைக்கோல், கடலைக்கொடி வாங்கினால் ஆளுக்குச் செலவு குறையும்.

முயல், கினிப்பன்றி வளர்க்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்க: அதுகளுக்கு நார் செரிப்பது குடலின் பின்பகுதியில். ஆனாலும் புல்தான் சாப்பாடு, தானியம் தொடுகறி.

ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை கொட்டகையை எட்டிப் பாருங்க. குட்டி படுத்து அசை போட்டால் நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்.