மூன்றாவது ஆளும் நம்ப வேண்டும்



கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் கையொப்பம் இட, ஆடிட்டர் தன் யு.எஸ்.பி. டோக்கனைக் கணினியில் செருகுகிறார். அந்த டிஜிட்டல் கையொப்பத்துக்குக் காவல் ஒரு கணக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது மகா கடினம். 1977-இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. முறை இதை நம்பித்தான் நிற்கிறது. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் இந்தக் கணக்கு சீக்கிரம் விடுபட்டுவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார்.

அப்படியானால், கணக்கை விட்டுவிட்டு இயற்கையின் விதியையே காவலுக்கு வைத்தால் என்ன? 2001-இல் டேனியல் காட்ஸ்மனும் ஐசக் சுவாங்கும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். இன்னதென்று தெரியாத குவாண்டம் நிலையை அச்சு அசலாகப் படியெடுக்க முடியாது என்பதே அதன் அஸ்திவாரம். ஆனால் அந்த நிலைகளைக் கெடாமல் வெகுநேரம் சேமித்து வைக்க வேண்டியிருந்தது. அதற்கான கருவி இல்லை. 2014-இல் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிகா ஆண்டர்சன் குழுவினர் அந்தத் தடையை நீக்கினார்கள். அந்த நிலைகளைச் சுமந்து வரும் ஒளியை வந்தவுடன் அளந்து, விடையைச் சாதாரணக் கணினியில் குறித்துக்கொண்டால் போதும்.

அந்த முறையில் என்னை மிகவும் வியக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் பெயர்களையே எடுத்துக்கொள்வோம்: ஆலிஸ், பாப், சார்லி. இருவருக்குள் மட்டும் என்றால் பொதுவான ரகசியச் சாவி ஒன்றே போதும். கையொப்பத்தின் சிக்கல் மூன்றாவது ஆளிடம்தான் தொடங்குகிறது. ஆலிஸ் அனுப்பிய செய்தியை பாப் சார்லியிடம் காட்டும்போது, ‘அது என்னுடையதல்ல’ என்று ஆலிஸ் மறுக்கலாம். அனுப்பாததை அனுப்பியதாக பாப் புளுகலாம்.

ஆலிஸ் மங்கலான லேசர் துடிப்புகளை இருவருக்கும் தனித்தனியே அனுப்புகிறார். அளந்து கிடைத்த விடைகளில் பாதியை பாப்பும் சார்லியும், எவை எவை என்று ஆலிஸுக்குத் தெரியாமல், தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு செய்தியை அனுப்பும்போது, தான் எந்தெந்தத் துடிப்பை அனுப்பினேன் என்ற பட்டியலையும் ஆலிஸ் சேர்த்துத் தருகிறார். அதுதான் கையொப்பம். பெறுபவர் அதைத் தன் விடைகளோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை எண்ணுகிறார். ஒளி இழையில் கொஞ்சம் பிழை எப்போதும் இருக்கும் என்பதால், இத்தனை வரை பொறுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. முதலில் பெறும் பாப்புக்கு இறுக்கமான வரம்பு, அடுத்துப் பெறும் சார்லிக்குச் சற்றுத் தளர்வானது. யாரிடம் எது இருக்கிறது என்று தெரியாத ஆலிஸால், பாப் ஏற்றும் சார்லி மறுக்கும்படி பிழைகளைத் திட்டமிட்டு நுழைக்க முடியாது. சார்லி தனக்கென வைத்துக்கொண்ட பாதி பாப்புக்குத் தெரியாது. அதனால் அவரால் போலி செய்யவும் முடியாது. முடியாது என்றால், ஏமாற்று பலிக்கும் வாய்ப்பை வேண்டிய அளவு சிறிதாக்கிக்கொள்ளலாம் என்று பொருள்.

தொடக்கத்தில் ஒரே ஒரு பிட்டுக்குக் கையொப்பமிடவே ஏராளமான துடிப்புகள் தேவைப்பட்டன. 2023-இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தினர், நீண்ட ஆவணத்துக்கு ஒரே தடவையில் கையொப்பமிடும் முறையைச் சோதனையில் நடத்திக் காட்டினார்கள். ஆனாலும் பங்கேற்பவர்கள் யார் யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அவர்களுக்கிடையே அதற்கான கருவிகளும் இணைப்பும் வேண்டும். முன்பின் தெரியாத கோடிப் பேர் சரிபார்க்கும் கையொப்பத்துக்கு இது ஒத்துவராது. அந்த ஆடிட்டரின் டோக்கனுக்கு, 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட புதிய கணித முறைகளே பொருத்தம் என்பது என் கருத்து. குவாண்டம் கையொப்பத்தை நான் எதிர்பார்ப்பது, வங்கிகளுக்கு இடையிலும் மின் கட்டுப்பாட்டு மையங்களுக்கு இடையிலும் ஓடும் மூடிய வலையமைப்புகளில்.